பன்னிரண்டு குண்டுகளும் ஒரு கிழட்டு விமானமும்

“பன்னிரண்டு தடவை போய்வந்த விமானமா இது? பன்னிரண்டு வருடம் மழையில் கிடந்தது போல அல்லவா இருக்கிறது, தம்பி!”

ஏழு மாத வேலையான பிளாஸ்டிக் மாதிரி விமானத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தேன். கிடைத்தது இது. சொன்னவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் பிறப்பதற்கு முன்பே பிளாஸ்டிக் விமானங்களை ஒட்டத் தொடங்கியவர். அவருடைய விரல் விமானத்தின் மூக்கில், விமானி அறைக்குக் கீழே இடப்பக்கம் நின்றது. அங்கே ஆறு ஆறாக இரண்டு வரிசையில் மஞ்சள் நிறக் குண்டுச் சின்னங்கள். இடுக்கியால் எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு நான் ஒட்டியவை. ஒரு சின்னம் என்றால் ஒரு தாக்குதல் பயணம். அப்படியானால் அந்த விமானம் படைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருக்க வேண்டும். நானோ இறக்கை முழுக்க வண்ணம் பெயர்ந்தது போல வெள்ளிச் செதில், வயிறு முழுக்கச் சேறு, தகட்டுக் கோடு ஒவ்வொன்றிலும் கறுப்பு என்று இழைத்து வைத்திருந்தேன்.

அவர் போனதும் கோபம் வந்தது. இரவு உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது அது போய்விட்டது.

நான் கட்டியது ஆவ்ரோ லான்காஸ்டர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம். ராய் சாட்விக் என்ற வடிவமைப்பாளர், எஞ்சின் கோளாறுகளால் பெயர் கெட்டுப்போன மான்செஸ்டர் என்ற இரட்டை எஞ்சின் விமானத்தை நீட்டி, நான்கு மெர்லின் எஞ்சின்களைப் பூட்டி உருவாக்கியது. முதல் தடவை பறந்தது 1941 ஜனவரி 9. போர் முடிவதற்குள்ளும் அதை ஒட்டியும் 7,377 விமானங்கள் செய்தார்கள். அவற்றில் ஏறத்தாழப் பாதி திரும்பி வரவில்லை. குண்டுவீச்சுப் படைப்பிரிவில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். முப்பது பயணம் முடித்தால் வீரர்களுக்கு ஓய்வு. அந்த முப்பதை எட்டாதவர்களே ஏராளம். லண்டன் விமானப்படை அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கும் ‘எஸ் ஃபார் ஷுகர்’ என்ற லான்காஸ்டர் 137 பயணங்களை முடித்தது. அது அபூர்வத்திலும் அபூர்வம். மற்றவற்றுக்குக் கிழடு தட்டக் காலமே கிடைக்கவில்லை. வண்ணம் புதிதாக இருக்கும்போதே விழுந்துவிட்டன.

பழையதாகக் காட்டுவதுதான் திறமை என்று நினைத்திருந்தேன். என் விமானத்துக்கு எத்தனை நாள் வயது என்ற கேள்வியை ஏழு மாதத்தில் ஒருநாள்கூடக் கேட்டுக்கொண்டதில்லை. கீழே எழுதுவதெல்லாம் இரண்டாவது தடவை கற்றது.

கட்டும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அங்கே நான் பெரிதாகக் கெட்டுப்போகவில்லை. 1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72இல் ஒரு பங்கில், லான்காஸ்டரின் இறக்கை நுனியிலிருந்து நுனிவரை 43 சென்டிமீட்டர் வரும். மேசையின் பாதியை அது எடுத்துக்கொள்ளும் என்பதை முன்கூட்டியே வீட்டில் சொல்லிவிடுவது நல்லது. பசை தொடுவதற்கு முன் எல்லாப் பாகங்களையும் வெறுமனே பொருத்திப் பார்க்க வேண்டும். மாஸ்கிங் டேப்பால் கட்டி, தூக்கி, எதிரே நின்று ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். லான்காஸ்டர் இறக்கையின் நடுப்பகுதி தட்டையாகப் போய், உள் எஞ்சின்களைத் தாண்டிய பிறகே மேல்நோக்கிச் சாய்கிறது. இரண்டு பக்கச் சாய்வும் ஒன்றாக இல்லாவிட்டால், பிறகு எத்தனை அழகாக வண்ணம் அடித்தாலும் நொண்டிப் பறவைதான். இரண்டு பக்கமும் ஒரே தடிமனான புத்தகங்களை அடுக்கி, இறக்கை நுனிகளை அவற்றின்மேல் வைத்து ஓர் இரவு விட்டேன். பின்பக்கச் செங்குத்து வால்கள் இரண்டும் அப்படியே: அவற்றை ஒட்டியதும் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும், பக்கவாட்டில் பார்த்தால் ஏமாற்றிவிடும். வால் சக்கரத்தில் உட்காரும் விமானம் என்பதால், மூக்கில் ஈயத் துண்டு வைத்துப் பின்சாய்வைத் தடுக்கும் வேலை இல்லை.

இறக்கை உடலோடு சேரும் இடத்தில் இடைவெளி விழுந்தது. இடைவெளி நிரப்பும் மாவான புட்டியை அப்பி உப்புத்தாள் போட்டால், அக்கம்பக்கத்து ரிவெட் புள்ளிகளும் போய்விடும். பாகங்களைத் தாங்கிவரும் பிளாஸ்டிக் சட்டத்தில் (ஸ்ப்ரூ) மீந்த துண்டுகளைத் திரவப் பசையில் போட்டு ஓர் இரவு ஊறவைத்தால் கூழ் மாதிரிக் கரையும். அதைப் பல்குச்சியால் இடைவெளியில் இழுத்துவிட்டு, இரண்டு நாள் காயவிட்டு, கத்தியைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டினேன். பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்காக ஒன்றிவிடுகிறது. அவசரப்பட்டு மறுநாளே சுரண்டினால் பிசின் போல இழுக்கும், பிறகு குழி விழும். குழி விழுந்தது.

பெரிய சறுக்கல் வேறொன்று. பின்கோடியில் இருக்கும் துப்பாக்கிக் கூண்டின் கண்ணாடியைச் சூப்பர் குளூ கொண்டு ஒட்டினேன். காலையில் பார்த்தால், உள்பக்கம் புகை படிந்த லாந்தர்க் கண்ணாடி மாதிரி வெளிறிக் கிடந்தது. அந்தப் பசை காயும்போது எழும் ஆவி, மூடிய இடத்துக்குள் சுற்றிவந்து வெண்படலமாகப் படிந்துவிடும். கண்ணாடிப் பாகங்களுக்கு, காய்ந்தால் நிறமற்றுப் போகும் வெள்ளைப் பசைதான் சரி. அது எனக்குத் தெரியும், அன்றைக்கு அந்தப் பசைக் குப்பியை எடுக்க எழுந்துபோகச் சோம்பல். அந்தக் கூண்டுக்குப் பிறகு வருகிறேன்.

வண்ணத்தில் என்னைப் படுத்தியது கறுப்பு. இரவில் பறக்கும் விமானம் என்பதால் லான்காஸ்டரின் அடிவயிறும் பக்கங்களில் பெரும்பகுதியும் கறுப்பு. மேலே மண் பழுப்பும் கரும்பச்சையும். குப்பியிலிருந்து அப்படியே எடுத்த கறுப்பை அடித்தேன். விமானம் காணாமல் போய், அந்த வடிவத்தில் ஓட்டை விழுந்தது போல ஆகிவிட்டது. இந்த அளவில் சுத்தக் கறுப்பு ஒளியை விழுங்கிவிடும். வளைவு தெரியாது, தகடு தெரியாது. இரண்டாவது தடவை, கரும் சாம்பல் நிறத்தை அடியாக அடித்து, அதன்மேல் கறுப்போடு சிறிது பழுப்பும் சிறிது நீலமும் தனித்தனியே கலந்து, மெல்லிய திட்டுத் திட்டாக, காற்றால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷில் ஓட்டினேன். அருகில் பார்த்தால் மேகமூட்டம் போல இருக்கும். இரண்டடி தள்ளிப் பார்த்தால் கறுப்புதான், உயிருள்ள கறுப்பு.

ஏர்பிரஷ் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்லலாம், என் அனுபவத்தில் மூன்றே சங்கதி. வண்ணம், ஆடை நீக்கிய பால் அளவுக்குத் தளர்ந்திருக்க வேண்டும். காற்றழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐக்குள். முகத்தில் வடிகட்டி முகமூடி, பக்கத்தில் திறந்த ஜன்னல். கடைசியதை நான் முதல் மாதம் அலட்சியம் செய்து தலைவலியோடு படுத்திருக்கிறேன்.

மேற்பக்கத்துப் பச்சைக்கும் பழுப்புக்கும் இடையிலான எல்லையை மங்கலாக்குவதா கூர்மையாக்குவதா என்று நெடுநாள் குழம்பினேன். இந்த இடத்தில்தான் அளவுக் கணக்கு கைகொடுத்தது. நிஜ விமானத்தில் அந்த எல்லை இரண்டு மூன்று சென்டிமீட்டர் மங்கியிருந்தாலும், 72ஆல் வகுத்தால் அரை மில்லிமீட்டர்கூட வராது. ஆகவே கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிய வேண்டும், தொட்டால் விளிம்பு தட்டக் கூடாது. ஒட்டும் களிமண்ணைப் புழு மாதிரி உருட்டி எல்லையாக வைத்து, மேலிருந்து நேராக அடித்தேன்.

அந்த வகுத்தல் கணக்கு அதன்பின் என்னை விட்டுப் போகவில்லை. மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் 7.2 சென்டிமீட்டர், நான்கு விரற்கடை. முதல் தடவை நான் பஞ்சுத் துண்டில் வெள்ளி வண்ணம் தொட்டு ஒற்றி ஒற்றி வைத்த ‘சிறு’ செதில்களை அளந்து பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல். உள்ளங்கை உள்ளங்கையாக வண்ணம் பெயர்ந்த இறக்கையோடு எந்தத் தரைக் குழுவும் விமானத்தை அனுப்பியிருக்காது. தகட்டுக் கோடுகளும் அப்படியே. நிஜத்தில் சில மில்லிமீட்டர் இடுக்கு. இந்த அளவில் கண்ணுக்கே தெரியாதது. எல்லாவற்றிலும் கறுப்பை ஊற்றினால், விமானம் ஓடு பதித்த தரை போல ஆகிறது.

அழித்த கதையைச் சொல்ல வேண்டும். எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைனில் கரைத்துக் கோடுகளில் விடுவதை வாஷ் என்போம். அதற்குக் கீழே பளபளப்பான அக்ரிலிக் வார்னிஷ் இருந்தால், பிடிக்காததை டர்பன்டைன் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுத்துவிடலாம். நான் அதுவரை சரியாகத்தான் செய்திருந்தேன். ஆனால் முடித்த அன்றிரவே, உற்சாகத்தில், எல்லாவற்றின்மேலும் மங்கல் வார்னிஷ் அடித்துப் பூட்டிவிட்டேன். பூட்டிய பிறகு திறக்க வழி கிடையாது. நண்பர் சொன்ன பிறகு, இரண்டு இறக்கைகளின் மேற்பக்கத்தையும் நீர் தொட்ட மெல்லிய உப்புத்தாளால் இழைத்து, மறுபடி முதலிலிருந்து வண்ணம் அடித்தேன். இப்போது என் வழக்கம்: பழையதாகக் காட்டும் வேலை, அதாவது வெதரிங், முடிந்ததாகத் தோன்றினால் அலமாரியில் வைத்துவிட்டு ஒரு வாரம் அந்தப் பக்கம் போவதில்லை. எட்டாம் நாள் பார்க்கும்போது எது மிகை என்று தானாகத் தெரியும். அதன்பிறகே வார்னிஷ். பெரும்பாலும் அந்த எட்டாம் நாளில் கூட்டுவதைவிடக் குறைப்பதுதான் அதிகம்.

இரண்டாவது தடவை ஒரு தாளை எடுத்து, இந்த விமானத்தின் சில மாத வாழ்க்கையை எழுதிப் பார்த்தேன். லான்காஸ்டர்கள் கொட்டகைக்குள் வசதியாக நின்றவை அல்ல. ஓடுபாதையை விட்டுத் தள்ளி, வெட்டவெளியில், கான்கிரீட் திட்டுகளில் மழையிலும் பனியிலும் நின்றன. எரிபொருள் நிரப்புகிறவர்கள் இறக்கைமேல் ஏறினார்கள். முழுக்க நிரப்பினால் 2,154 காலன் பிடிக்கும், இறக்கைக்கு மூன்று தொட்டி. மெக்கானிக்குகள் எஞ்சின் மூடிகளைக் கழற்றி மாட்டினார்கள். குண்டுவண்டிகள் அடிவயிற்றுக்குக் கீழே வந்து போயின. இரவு முழுக்க எஞ்சின்கள் ஓடின. இதைத் தவிர வேறெதுவும் அந்த விமானத்துக்கு நடக்கவில்லை என்றால், வேறெந்தக் கறையும் அதன்மேல் இருக்க நியாயமில்லை.

முதலில் புகை, ஏனென்றால் புதிய லான்காஸ்டரிலும் அது இருக்கும். முதல் தடவை நான்கு எஞ்சினுக்குப் பின்னாலும் கரிக்கோடு இழுத்திருந்தேன், அடுப்பங்கரைச் சுவர் மாதிரி. நிஜத்தில் அந்தக் காலத்து உயர் ஆக்டேன் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தது. நெடுந்தூரப் பயணத்தில் எரிபொருளைச் சிக்கனமாக விட்டு ஓட்டும்போது, புகைபோக்கியிலிருந்து வந்து படிவது வெளிர்சாம்பல், சில நேரம் மங்கிய சந்தன நிறம். கரி விளிம்பில்தான். பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களில், இருண்ட இறக்கைமேல் அந்தக் கறை வெளுத்துத் தெரிவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அதைத் தேய்ந்த வண்ணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

செய்த முறை இது. பழுப்பும் கறுப்பும் கலந்து, பத்தில் ஒன்பது பங்கு தின்னர் விட்டு, கிட்டத்தட்டக் கறைபட்ட தண்ணீர் மாதிரி ஆக்கினேன். அழுத்தத்தை 10 அளவுக்குக் குறைத்து, புகைபோக்கி முனையில் தொடங்கி, இறக்கையின் மேல்வளைவோடு பின்விளிம்புவரை கையை நிறுத்தாமல் ஓட்டினேன். முதல் ஓட்டத்தில் எதுவுமே தெரியாது. தெரியவில்லையே என்று விசையை அழுத்தினால் கெட்டது. ஆறாவது ஏழாவது ஓட்டத்தில், சுவரில் நிழல் விழுவது போல மெல்ல எழும். அது காய்ந்ததும், அதற்குள்ளே இன்னும் ஒடுக்கமாக வெளிர்சாம்பல். கடைசியாகப் புகைபோக்கியை ஒட்டி மட்டும் ஓர் அங்குலத்துக்குக் குறைவாக மறுபடி இருட்டு. நான்கு எஞ்சினும் நான்கு மாதிரி இருக்கட்டும் என்று விட்டேன். ஒன்றில் எண்ணெய் அதிகம் எரிந்தது, அதற்குக் கொஞ்சம் கூடுதல் கரி. இரவில் தீப்பொறி தெரியாமலிருக்கப் புகைபோக்கிகளின்மேல் மாட்டிய தகட்டு மறைப்புகளுக்கு, செங்கல் நிறத் துரு வேண்டாம். சூட்டில் வெந்த இரும்பின் மங்கிய பழுப்பு போதும்.

அடுத்து எண்ணெய்க் கசிவு. கறுப்பு அடிவயிற்றில் கறுப்பு எண்ணெயை எப்படிக் காட்டுவது? நிறத்தால் முடியாது, பளபளப்பால் முடியும். முழுவதும் மங்கல் வார்னிஷ் காய்ந்த பிறகு, பளபளப்பு வார்னிஷில் துளி பழுப்பு எண்ணெய் வண்ணம் கலந்து, எஞ்சின் கூடுகளின் அடியில் மெல்லிய தூரிகையால் பின்னோக்கி இரண்டே கீற்று. விமானத்தை விளக்கின்கீழ் சாய்க்கும்போது மட்டும் ஈரம் மின்னும். எனக்கு இந்த விமானத்திலேயே மிகப் பிடித்த இடம் அதுதான். யாரும் பார்ப்பதில்லை, அது அடிவயிறு.

அந்தக் கறுப்பில் இருண்ட வாஷ் விட்டால் பயனில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அங்கே வெளிர் மண்ணிறமே தெரியும். குண்டறைக் கதவுகளின் விளிம்பு, சக்கரக் கதவுகள், அதற்குப் பின்னால் சக்கரம் வாரியடித்த சேற்று நீர் காய்ந்த புள்ளிகள், அவ்வளவே. மேற்பக்கத்தில் திறந்து மூடும் எஞ்சின் மூடிகளுக்கும், அசையும் பாகங்களின் மடிப்புகளுக்கும் மட்டும் அடர்பழுப்பு வாஷ். மற்றக் கோடுகள் தாமாக விழும் நிழலோடு இருக்கட்டும் என்று விட்டேன்.

செதில்களுக்கு வெள்ளி வண்ணத்தைத் தொடவே இல்லை. நன்றாகச் சீவிய வெள்ளிப் பென்சில். எஞ்சின் மூடிகளின் திருகாணிகளைச் சுற்றிப் புள்ளி, எரிபொருள் மூடிகளின் ஓரத்தில் இரண்டு மூன்று புள்ளி. உடலை ஒட்டிய இறக்கைப் பகுதியில், பூட்ஸ் கால்கள் நடந்த இடத்தில், செதில் போடாமல் மங்கலாகத் தேய்த்த சுண்ணத்தூள். ரப்பர் அடிப்பாகம் வண்ணத்தைப் பெயர்ப்பதைவிட அழுக்காக்குவதே அதிகம் என்று எனக்குப் படுகிறது. வண்ணம் வெளுத்ததைக் காட்ட, பச்சையில் வெள்ளையைக் கலக்கக் கூடாது. சுவரில் சுண்ணாம்பு தெறித்தது போல ஆகும். மங்கிய மஞ்சள் கலந்த பழுப்பைத் துளி விட்டால் போதும். சில மாத விமானத்துக்கு அதுவும் அரைத் துளி.

ஒன்றே ஒன்றில் ஆசையை அடக்கவில்லை. வலப்பக்க இறக்கையில், வெளுத்த பச்சையின் நடுவே, வெளுக்காத பச்சையில் 3 மில்லிமீட்டர் சதுரம். நிஜத்தில் ஒரு சாண் அளவு ஒட்டு. தரையிலிருந்து சுட்ட குண்டின் சிதறல் துளைத்த இடத்தில் தகடு வைத்து ரிவெட் அடித்து, புது வண்ணம் பூசியிருக்கிறார்கள். பார்ப்பவர்களில் பாதிப் பேர் அதை வண்ணப் பிழை என்று நினைக்கிறார்கள். நான் திருத்துவதில்லை.

டெகல், அதாவது சின்னங்கள் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம், ஒட்டுவது பற்றி ஒரு வாக்கியம்: மங்கல் வண்ணத்தின்மேல் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளியாக மினுங்கும், ஆகவே பளபளப்பு வார்னிஷுக்குப் பிறகே ஒட்ட வேண்டும், சிக்கியிருந்தால் ஊசியால் குத்தி, டெகல் இளக்கும் திரவத்தை விட வேண்டும். பன்னிரண்டு குண்டுகளும் அவ்வாறே தப்பின.

இனி அந்தப் பின் கூண்டு. வெளிறிய கண்ணாடியைப் பிடுங்கி, மெல்லிய உப்புத்தாள், பிறகு பற்பசை, பிறகு நிறமற்ற வார்னிஷில் ஒரு முக்கு என்று மூன்று மாலைகள் போராடினேன். ஓரங்கள் தெளிந்தன. நடுச் சட்டம், துப்பாக்கிகளுக்கு நேர் நடுவே இருப்பது, தெளியவில்லை. உள்ளே விரல் போகாது. தூக்கி எறியலாம் என்றிருந்தபோது, வேறெதையோ தேடிப் புரட்டிய புகைப்படம் ஒன்றில், பின் கூண்டின் நடுவில் கண்ணாடியே இல்லாததைப் பார்த்தேன். பின்னால் உட்கார்ந்த துப்பாக்கி வீரர்கள், வேண்டுமென்றே அந்தப் பகுதியை வெட்டி எடுக்க வைத்தார்கள். கண்ணாடியில் ஒரு கீறல், ஒரு புள்ளி இருந்தால்கூட இருட்டில் அது எதிரி விமானமாகத் தோன்றும். உண்மையான எதிரி புள்ளியாகத் தோன்றும். தெளிவாகப் பார்ப்பதற்காக, மின்சாரத்தால் சூடேறும் உடையைப் போட்டுக்கொண்டு, உறைய வைக்கும் காற்றை முகத்தில் வாங்கியபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். மிச்சக் கண்ணாடியையும் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் துடைத்துத் துடைத்து மெருகேற்றுவார்களாம்.

நடுச் சட்டத்தை வெட்டி எடுத்துவிட்டேன். மற்றக் கண்ணாடிகளின்மேல் இருந்த மாஸ்கிங் டேப்பை, எல்லா அழுக்கும் எல்லா வார்னிஷும் முடிந்த பிறகு, கடைசி வேலையாக உரித்தேன். விமானத்தில் கறை படாத இடம் கண்ணாடிகள் மட்டுமே.

நண்பர் இரண்டாவது தடவை வந்தபோது, குண்டுகளை எண்ணினார், இறக்கையைப் பார்த்தார், அந்த ஒட்டை விரலால் தொடாமல் சுட்டி, “இது எத்தனையாவது பயணத்தில்?” என்றார். “எட்டு,” என்றேன், யோசிக்காமல்.

இப்போது அலமாரியில் இருக்கிறது. வெட்டிய திறப்பு வழியாகக் கூண்டுக்குள் தூசி போகிறது என்பதுதான் தொல்லை. வாரம் ஒருமுறை மென்தூரிகையோடு உட்கார்கிறேன். போன வாரம் நான்கு துப்பாக்கிகளுக்கு நடுவே நூல் துணுக்கு ஒன்று சிக்கியிருந்தது, ஆறு மில்லிமீட்டர் இருக்கும். அந்த வீரனுக்கு அது முழ நீளக் கயிறு.